குறைந்த தொகையில் கையடக்க கேம் கன்சோல்: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையில் ஒரு கையடக்க கேம் கன்சோல் வாங்க எண்ணியிருக்கிறேன். ஒரு நடுத்தரத் திறன்பேசியின் விலைக்கு மேல் என்னால் செலவழிக்க இயலாது. மெமரி கார்டு, உறை, முதல் இரண்டு மூன்று கேம்கள் ஆகியவையும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் தலா நாற்பது நிமிடம் கிடைக்கிறது. விடுமுறை நாள்களில் பத்து வயது மகளும் விளையாடுவாள்.

நான்கு வழிகள் தென்படுகின்றன. பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் லைட், கணினி கேம்களை ஓட்டும் பழைய ஸ்டீம் டெக் எல்சிடி, எமுலேட்டருக்கென்றே, அதாவது பழைய கன்சோல்களின் கேம்களை வேறு கருவியில் ஓட்டும் நிரலுக்கென்றே, வரும் சிறிய புதுக் கருவி ஒன்று, இல்லையென்றால் கையிலிருக்கும் திறன்பேசியின் இருபுறமும் மாட்டும் கன்ட்ரோலர். காணொலிகளைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. தவறாக வாங்கிவிட்டால் மீண்டும் சேர்ப்பதற்கு நெடுநாள் ஆகும் என்பதால் பொறுமையாகக் கேட்டு முடிவெடுக்க விரும்புகிறேன்.

பழையபொத்தான்:

கருவிகளின் பட்டியலைத் தந்திருக்கிறீர்கள், கேம்களின் பட்டியலைத் தரவில்லை. முடிவு அங்கேதான் இருக்கிறது. அடுத்த ஓராண்டில் நீங்களும் மகளும் விளையாடப்போகும் கேம்களை எழுதுங்கள். வாங்கிக் குவிக்க ஆசைப்படுபவற்றை அல்ல, முடிக்கும்வரை விடமாட்டோம் என்று தோன்றுபவற்றை மட்டும்.

நிலாமுற்றம்:

எழுதிப் பார்த்தபோது பட்டியல் நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட், சூப்பர் மாரியோ ஒடிசி, ஹாலோ நைட், ஸ்டார்டியூ வேலி. இவற்றோடு சிறுவயதில் உறவினர் ஒருவரின் கேம்பாய் அட்வான்ஸில் பாதியில் விட்ட மெட்ராய்டு ஃபியூஷன். மகளுக்கு மாரியோ என்றாலே போதும். போட்டி போட்டு இணையத்தில் விளையாடும் பழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை.

செம்பருத்தி:

இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு செலவுக் கணக்கைப் பேசலாம். கருவியின் விலை என்பது நுழைவுச்சீட்டு மட்டுமே. அதன் பிறகு என்ன செலவாகும், விற்கும்போது எவ்வளவு திரும்பி வரும் என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

ஸ்டீம் டெக்குக்கான கேம்களை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக் கடையில் கேம்கள் அடிக்கடித் தள்ளுபடிக்கு வரும். பழைய கேம்கள் பாதி விலைக்கும் அதற்குக் கீழும் கிடைப்பது வழக்கம். நிண்டெண்டோ தானே வெளியிடும் கேம்கள் அப்படி எளிதில் இறங்குவதில்லை. 2017-இல் வந்த செல்டாவும் மாரியோவும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் முழுவிலையை ஒட்டியே விற்றன. இதை மட்டும் பார்ப்பவர்கள் ஸ்டீம் டெக்கே சிக்கனம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஸ்விட்ச் கேம்களைக் கேட்ரிட்ஜாக, அதாவது கேம் பதிந்த சிறு அட்டையாக, வாங்கலாம், முடித்தபின் விற்கலாம், நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம். விலை இறங்காத கேம் என்பது விற்கும்போதும் விலை இறங்காத கேம்தான். செல்டாவைப் பழைய கேட்ரிட்ஜாக வாங்கி, ஆறு மாதம் விளையாடி, கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே கைமாற்றிவிட முடியும். ஸ்டீமில் வாங்கியதை விற்கவே முடியாது. ஆகவே ஆண்டுக்கு நான்கைந்து பெரிய கேம்களை மட்டும் ஆற அமர விளையாடுபவருக்குக் கேட்ரிட்ஜும், நிறைய சிறிய கேம்களைத் தொட்டுப் பார்க்கிறவருக்கு ஸ்டீமும் ஒத்துவரும். உங்கள் பட்டியல் முதல் வகையைச் சேர்ந்தது என்பது என் கருத்து.

அடுத்ததாக மின்கலம். விளம்பரத்தில் உள்ள மணிக்கணக்கை நம்பாமல் வாட்-மணியை, அதாவது மின்கலத்தில் அடங்கும் மின்னாற்றலின் அளவை, பாருங்கள். அதைக் கருவி இழுக்கும் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது வந்துவிடும். ஸ்டீம் டெக் எல்சிடியின் மின்கலம் 40 வாட்-மணி. கனமான கேம் ஓடும்போது கருவி முழுவதுமாக 20 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதனால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஸ்டார்டியூ போன்ற இலகுவான கேமுக்கு 8 வாட் போதும் என்றால் ஐந்து மணி நேரம் வரும். ஸ்விட்ச் லைட்டின் மின்கலமோ 14 வாட்-மணிக்கும் குறைவு. ஆனாலும் செல்டா சுமார் நான்கு மணி நேரம் ஓடும் என்று நிண்டெண்டோவே சொல்கிறது, ஏனெனில் அது 3 முதல் 4 வாட் வரைதான் இழுக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மின்கலத்தை வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு நேரம் ஓடும் இந்த வேறுபாடு, நாள்தோறும் எண்பது நிமிடம் பயணத்தில் விளையாடுபவருக்குச் சிறிய செய்தி அல்ல.

மறக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டியது மெமரி கார்டு. லைட்டின் உள் நினைவகம் 32 ஜிபிதான், அதிலும் ஒரு பகுதியை இயங்குதளம் எடுத்துக்கொள்ளும். செல்டாவைப் பதிவிறக்கமாக வாங்கினால் அதற்கே சுமார் 14 ஜிபி தேவைப்படும்.

வெண்திரை:

சிறிய எமுலேட்டர் கருவிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். ஆன்பெர்னிக், மியூ, ரெட்ராய்டு போன்றவற்றை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நீங்கள் குறிப்பிட்ட செல்டா, மாரியோ போன்ற பெரிய கேம்களுக்கும் இவற்றில் உள்ள மலிவான கருவிகளுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் மெட்ராய்டு ஃபியூஷனுக்கு இவற்றைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை.

வாங்குவதாக இருந்தால் திரையின் அளவை அங்குலத்தில் பார்க்காமல் படப்புள்ளிகளில் பாருங்கள். கேம்பாய் அட்வான்ஸின் படம் 240க்கு 160 புள்ளிகள். பெரும்பாலான மலிவுக் கருவிகளின் திரை 640க்கு 480. 640-ஐ 240-ஆல் வகுத்தால் முழு எண் வராது, இரண்டே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக வரும். அந்தப் படத்தைத் திரை அகலத்துக்கு இழுத்தால் சில புள்ளிகள் இரண்டாகவும் சில மூன்றாகவும் விரியும். நின்று பார்த்தால் தெரியாது. பின்னணி பக்கவாட்டில் நகரும்போது செங்கல் சுவரின் கோடுகள் தடித்தும் மெலிந்தும் நெளிவதைக் காணலாம். ஆன்பெர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் கருவியின் திரை 720க்கு 480, அதாவது சரியாக மூன்று மடங்கு. அதில் அதே சுவர் அசையாமல் நேராக நகரும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் பழைய கருவியை ஒதுக்கிவிட்டு அதற்கு மாறினேன். முதல் பிளேஸ்டேஷனின் கேம்கள்தான் முக்கியம் என்பவருக்கு 640க்கு 480 பொருந்தும், ஏனெனில் அவற்றுள் பல 320க்கு 240 அளவில் வரையப்பட்டவை.

இந்தக் கருவிகளோடு ஆயிரக்கணக்கான கேம்கள் நிரப்பிய கார்டையும் சேர்த்துத் தருவதாகச் சிலர் விற்பார்கள். அது உரிமையாளரின் அனுமதி இல்லாத நகல் என்பது முதல் சிக்கல். அந்தக் கார்டு பெரும்பாலும் பெயர் தெரியாத மட்டமான கார்டாக இருக்கும் என்பது இரண்டாவது. கருவியைக் கார்டு இல்லாமல் வாங்கி, நல்ல கார்டைத் தனியாக வாங்கி, உங்களிடம் உள்ள கேட்ரிட்ஜிலிருந்து நீங்களே நகலெடுத்துக்கொள்வதுதான் முறை. எந்தக் கார்டை வாங்கினாலும், எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் இலவச நிரலை ஓட்டி, கார்டு நிறையும்வரை எழுதித் திரும்பப் படித்துப் பார்த்துவிடுங்கள். மேலே 128 என்று அச்சிட்டுவிட்டு உள்ளே 16 ஜிபி மட்டும் வைத்த கார்டு ஒன்று என் கைக்கே வந்தது. 16 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு எழுதியவை முன்பு எழுதியவற்றை அழித்துக்கொண்டே போயின. சேமித்து வைத்திருந்த ஆட்டங்கள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மழைத்துளி:

திறன்பேசியோடு கன்ட்ரோலர் என்ற வழியை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். நாலில் அதுதான் மிக மலிவானது. ஸ்டார்டியூ வேலி திறன்பேசியிலேயே கிடைக்கிறது, கேம்பாய் அட்வான்ஸ் எமுலேட்டரும் நன்றாக ஓடும். திரையும் இந்தக் கருவிகள் பலவற்றைவிடத் தெளிவானது. செல்டா ஒன்றுக்காக இவ்வளவு செலவு தேவையா என்று நிலாமுற்றம் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செம்பருத்தி:

@மழைத்துளி, தனியாள் ஒருவர் கேட்டிருந்தால் நீங்கள் சொல்வதை நானும் ஏற்றிருப்பேன். இங்கே பத்து வயதுக் குழந்தையும் இருக்கிறது. அவளிடம் தந்தையின் திறன்பேசியைக் கொடுத்தால் அழைப்புகளும் செய்திகளும் வங்கிச் செயலியும் சேர்ந்து அவள் கைக்குப் போகும். அது மட்டுமன்று, விளையாட்டில் பேட்டரி தீர்ந்தால் வழியில் திறன்பேசியே இல்லாமல் நிற்க நேரிடும். விளையாடுவதற்கென்று ஒரு தனிக்கருவி இருப்பதில் நன்மை உண்டு.

ஓடக்காரன்:

பழைய ஸ்விட்ச் லைட் வாங்கி அடிபட்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். மறுவிற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். அங்கே நின்று ஐந்து நிமிடம் விளையாடிப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. வீட்டில் அரைமணி நேரம் விளையாடியபின் கட்டைவிரலை எடுத்தேன். எடுத்த பின்னும் பாத்திரம் இடப்பக்கமாக மெதுவாக நடந்துகொண்டே போயிற்று. பாறை விளிம்பிலிருந்து அது தானாக இறங்கி விழுந்ததைப் பார்த்தபோதுதான், பாத்திரத்தை நகர்த்தக் கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக் போய்விட்டது என்று புரிந்தது.

இதற்குக் காரணம் எளியது. ஸ்டிக்கின் அடியில் கரிப்பூச்சுத் தடம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஒரு சிறு உலோகக் கொக்கி உரசி உரசித்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கருவி அறிகிறது. தடம் தேய்ந்தாலோ தூசு சேர்ந்தாலோ நடுவில் இருக்கும் ஸ்டிக்கையும் சாய்ந்திருப்பதாகக் கருவி எண்ணிக்கொள்ளும். பெரிய ஸ்விட்சாக இருந்தால் பக்கத்தில் உள்ள ஜாய்-கான் என்னும் கன்ட்ரோலரைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். லைட்டில் எல்லாம் உடலோடு ஒட்டியவை, ஆகவே திறந்துதான் ஆக வேண்டும்.

நான் திறந்தேன். பின்பக்கத் திருகுகளின் தலை ஒய் வடிவில் இருக்கும். கையில் இருந்த சாதாரணத் திருப்புளியை வைத்து அழுத்தியதில் ஒரு திருகின் தலை மழுங்கி, அதை எடுப்பதற்கே ஒரு மாலைப்பொழுது போயிற்று. பழுதடைந்த ஸ்டிக்கிலிருந்து வரும் பட்டையான கம்பி, நகத்தின் பிறைபோல ஒரு சிறிய தாழ்ப்பாளுக்குள் செருகியிருக்கும். தாழ்ப்பாளை நிமிர்த்தாமல் கம்பியை இழுத்தால் மின்சுற்றுப் பலகையே கெடும். புதிதாகக் காந்தத்தால் இயங்கும் ஹால் வகை ஸ்டிக்கைப் பொருத்தினேன். அதில் எதுவும் எதையும் உரசுவதில்லை என்பதால் இந்தத் தேய்மானம் கிடையாது. இன்றுவரை நன்றாக இருக்கிறது.

பழையதை வாங்கப் போகும்போது அமைப்புகளுக்குள் சென்று ஸ்டிக் அளவீட்டுப் பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் பலமுறை சுழற்றிவிட்டுக் கையை எடுங்கள். குறி நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். அதோடு வைஃபையில் இணைத்து நிண்டெண்டோவின் இணையக் கடையைத் திறந்து பாருங்கள். விதிமீறலுக்காக நிண்டெண்டோ தடைசெய்த கருவியாக இருந்தால் கடை திறக்காது. அந்தத் தடையை நீங்கள் நீக்க முடியாது. பழைய உரிமையாளரின் கணக்கை அவர் முன்னாலேயே நீக்கச் சொல்லி, கருவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

தறிக்காரர்:

ஸ்டீம் டெக் எல்சிடியை மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கருவி என்றாலும், நிலாமுற்றத்துக்கு இதைப் பரிந்துரைப்பதற்கு முன் யோசிக்கிறேன்.

இதன் சிறப்பு, தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளும் வசதி. திரையின் வேகத்தை 60 ஹெர்ட்ஸிலிருந்து 40 வரை இறக்கலாம். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி, 30 படம் என்றால் 33.3. இவ்விரண்டுக்கும் நட்டநடுவே இருப்பது 25 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 40 படம். பார்ப்பதற்கு 30-ஐவிடத் தெளிவாகவே வழுவழுப்பாக இருக்கும். மின்சாரமோ 60-ஐவிடப் பெரிதும் மிச்சமாகும். ஹாலோ நைட் போன்ற கேமில் செயலியின் வாட் வரம்பையும் சேர்த்துக் குறைத்து, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். உள்ளே இருக்கும் சேமிப்பகத்தை நாமே மாற்றலாம், உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. பல கேம்களில் ஆட்டச்சேமிப்பு கணக்கிலேயே இலவசமாக மேகத்துக்கு, அதாவது இணையச் சேமிப்பகத்துக்கு, போகும்.

குறைகளையும் சொல்கிறேன். எடை 669 கிராம். லைட்டின் எடை 275 கிராம்தான். படுத்துக்கொண்டு விளையாடினால் கால்மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். இது லினக்ஸில் இயங்குவது, விண்டோஸ் கேம்களைப் புரோட்டான் என்னும் இடையடுக்கின் வழியாக ஓட்டுவது. பெரும்பாலானவை ஓடும், ஏமாற்றுத் தடுப்பு நிரலைக் கடுமையாக வைத்திருக்கும் ஃபோர்ட்நைட், வேலரன்ட் போன்றவை ஓடா. வாங்குவதற்கு முன் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் டெக்குக்கு ஏற்றதா என்ற குறியைப் பார்த்துக்கொள்ளலாம். அவர் பட்டியலில் முதலில் இருக்கும் செல்டாவும் மாரியோவும் ஸ்டீமில் விற்பனைக்கே இல்லை. அவற்றை இதில் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்டு இதை வாங்க வேண்டாம். பத்து வயதுக் குழந்தையிடம் கொடுக்க வேண்டிய கருவி, எடுத்தவுடன் விளையாடக்கூடியதாக இருக்க வேண்டும்.

பழையபொத்தான்:

தறிக்காரர் சொன்னதில் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1989-இல் வந்த கேம்பாய்க்குப் பின்விளக்கு இல்லை, வண்ணமும் இல்லை. ஆனால் நான்கு சிறிய பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அடுத்த ஆண்டு வந்த சேகா கேம் கியரில் வண்ணமும் விளக்கும் இருந்தன. ஆறு பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம்பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய் நன்கு பழகி விலை இறங்கிய தொழில்நுட்பத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்துவதையே தம் வழியாகக் கொண்டிருந்தார். ஸ்விட்ச் லைட்டும் அந்த மரபில் வந்ததுதான். 2019-இல் வந்தபோதே அதன் செயலி பழையது. இன்று இன்னும் பழையது. ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள கேம்கள் அந்தச் செயலியை எண்ணியே எழுதப்பட்டவை அல்லது அதில் நன்றாக ஓடுபவை.

லைட்டைத் தொலைக்காட்சியோடு இணைக்கவே முடியாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மகளோடு சேர்ந்து பெரிய திரையில் விளையாடும் எண்ணம் இருந்தால், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பழைய சாதாரண ஸ்விட்சை வாங்குவதே நல்லது.

நிலாமுற்றம்:

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. உடன் பணிபுரியும் ஒருவரிடம் ஸ்டீம் டெக் இருப்பது தெரிந்து, ஒரு நாள் பயணத்துக்கு இரவல் வாங்கிப் பார்த்தேன். கருவி அருமையானது. ஆனால் மூவர் அமரும் இருக்கையில் நடுவில் உட்கார்ந்து அதைப் பிடித்தபோது என் இரு முழங்கைகளும் இருபுறமும் இருந்தவர்கள்மேல் இடித்துக்கொண்டே இருந்தன; பத்து நிமிடத்தில் பைக்குள் வைத்துவிட்டேன். லைட் பக்கம்தான் மனம் சாய்கிறது. தொலைக்காட்சி எங்களுக்குத் தேவையில்லை. பின்னர் ஸ்விட்சின் அடுத்த தலைமுறையான ஸ்விட்ச் 2 வாங்க நேர்ந்தால் இப்போது வாங்கும் கேட்ரிட்ஜும் கார்டும் வீணாகுமா என்பது மட்டும் என் கேள்வி.

செம்பருத்தி:

2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இல் பழைய ஸ்விட்ச் கேட்ரிட்ஜ்களுள் பெரும்பாலானவை ஓடும். கார்டு அப்படியல்ல. அதில் கேம்களை வைக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்னும் புதுவகைதான் வேண்டும். ஆகவே எதிர்காலத்தை நினைத்துப் பெரிய கார்டுக்குப் பணத்தைக் கொட்டாமல் 128 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றொன்று, ஸ்விட்சில் ஆட்டச்சேமிப்பு கேட்ரிட்ஜிலும் இருக்காது, கார்டிலும் இருக்காது. கருவியின் உள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மேகத்தில் படியெடுக்கக் கட்டணச் சந்தா வேண்டும். கருவி கைதவறிப் போனால் நூறு மணி நேர ஆட்டமும் சேர்ந்தே போகும் என்பதால், உறை வாங்குவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நிலாமுற்றம் (மூன்று வாரங்கள் கழித்து):

வாங்கிவிட்டேன். முதலில் பார்த்த லைட்டில், ஸ்டிக் அளவீட்டுப் பக்கத்தில் குறி நடுவுக்கு வராமல் வலப்பக்கம் ஒட்டி நின்றது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது கருவியை இருபது நிமிடம் சோதித்தேன், குறி அசையவில்லை, இணையக் கடையும் திறந்தது. விற்றவர் தம் கணக்கை என் முன்னாலேயே நீக்கிக் கொடுத்தார். செல்டாவும் மாரியோவும் பழைய கேட்ரிட்ஜ்களாகக் கிடைத்தன. உறையும் கார்டும் போக ஒரு சிறு தொகை மிச்சம் இருக்கிறது. வெண்திரை சொன்ன 720க்கு 480 கருவிக்காக அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். கார்டை எஃப்3-இல் ஓட்டிப் பார்த்தேன், 128 ஜிபி என்று போட்டதற்கு ஏற்ற கொள்ளளவு உண்மையாகவே இருக்கிறது.

எனக்கும் மகளுக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வைத்ததால் ஒருவர் ஆட்டத்தில் மற்றவர் கை வைப்பதில்லை. மாரியோ என்றாலே போதும் என்று அவளைப் பற்றி எழுதியிருந்தேன். நான் விளையாடுவதை இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு அவளும் செல்டாவைத் தொடங்கிவிட்டாள். நேற்று இரவு முதல் கோபுரம் எழும்பி உச்சியில் நின்ற இடத்தில் நிறுத்தியிருக்கிறாள். இறங்கும் வழியை நான் சொல்லக்கூடாதாம்.